பெத்தனம்

அந்தம்மா வண்டியில் ஏறக் காலை வைக்கும்போதே கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் மெல்ல வரும்: "வந்துட்ச்சிடி சர்க்காரு." உடனே எதிர் சீட்டில் காலை நீட்டியிருந்தவள் மடக்கிக்கொள்வாள். போனில் பாட்டு வைத்தவள் அணைத்துவிடுவாள். அதுவரை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்த நானும் இன்னொரு கையைத் தூக்கி ஸ்டீயரிங்கில் வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வண்டி என் பொறுப்பு, லைசென்ஸ் என் பெயரில், சம்பளம் கொடுப்பது காண்ட்ராக்டர். அந்தம்மாவிடம் இருந்தது கதவை ஒட்டிய ஒற்றை சீட்டும், வலது கையில் ஒரு செப்புக் காப்பும். அவ்வளவுதான்.

விடியற்காலையில் வெதுருகுப்பத்தில் கிளம்பி, கார்வேட்டிநகரம், புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம் வழியாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவது அப்போது என் வேலை. சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். வண்டியில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. கோபம் வந்தால் எல்லோரும் ரெண்டும். கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு மாந்தோப்பு வரும். அந்தத் தோப்புக்குள்ளிருந்து ஒரு மண்பாதை வந்து ரோட்டில் சேரும் இடத்தில் அந்தம்மா நின்றிருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. வண்டியின் விளக்கு மேலே பட்டாலும் கண்ணை மூட மாட்டார். விளக்குத்தான் கொஞ்சம் கூசும்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. காது மட்டும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. யாராவது ஒரு நல்ல வார்த்தையைப் போட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை வாயில் அதக்கிக்கொண்டே ஓட்டுவேன். ஏவுகிறவர்களுக்கும் மிரட்டுகிறவர்களுக்கும் உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்த வண்டியில்தான். தமிழ்ப் பெண்கள் சர்க்காரு என்பார்கள், நாட்டாமை என்பார்கள், கலெக்டரம்மா என்பார்கள். காலேஜ் வரைக்கும் போன ஒருத்தி சர்வாதிகாரி என்று முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா திரும்பிப் பார்த்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

தெலுங்குக்காரிகளிடம் சரக்கு இன்னும் அதிகம். தொரசானி என்பார்கள், துரையம்மா என்று அர்த்தம். நியந்தா என்பார்கள், அதுவும் சர்வாதிகாரிதான், ஆனால் சின்னது, சட்டென்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அஜமாயிஷி என்று ஒரு வார்த்தை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஏவுவது. சொல்லும்போதே விரல் நீளும். "ஆமெ ஆடிந்தே ஆட்ட, பாடிந்தே பாட்ட" என்று பெருமூச்சு விடுவார்கள். அவள் ஆடினதுதான் ஆட்டம், பாடினதுதான் பாட்டு. இது எல்லாவற்றையும்விட அதிகமாகப் புழங்கினது பெத்தனம். யாரும் கூப்பிடாமலே நடுவில் வந்து உட்கார்ந்து நாலு பேரை அதட்டுகிறார்கள் இல்லையா, அந்தப் பெரியதனத்துக்குத் தெலுங்கில் பெத்தனம் என்று பெயர். "ஈமெ பெத்தனம் ஏமிடி", இவளுக்கு என்ன பெத்தனம் என்று பின்சீட்டில் முனகல் கேட்காத நாளில்லை.

அந்த ஒரு வார்த்தையால் ஒரு நாள் அந்தம்மாவின் பிழைப்பே ஆட்டம் கண்டது. அதற்கு முன்னால் ஆட்சி எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அந்தம்மா கையில். தலைசுற்றுகிறவர்களுக்கு முன்சீட்டு, தூங்குகிறவர்களுக்கு நடுசீட்டு, வாயாடிகளுக்குக் கடைசி சீட்டு. காப்பால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் நான் வண்டியை நிறுத்த வேண்டும். ரெண்டு தட்டினால் எடுக்க வேண்டும். நான் ஒருமுறை, தட்டாமலே எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "வண்டிக்கு ஒரு ஸ்டீயரிங்கு தான் தம்பி. ரெண்டு இருந்தா கால்வாயில தான் போவும்" என்றார். ஸ்டீயரிங் என் கையில்தானே இருக்கிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ரெண்டு தட்டு விழுந்துவிட்டது.

போனில் சத்தமாகப் பாட்டுப் போட்டால், "காதுல கேளு, காத்துல கேக்காத" என்பார். நாராயணவனம் வரும் வரை யாரும் டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது. புத்தூர் வளைவுகளில் சாப்பிட்டது மேலே வரும் என்பது காரணம். ஒரு நாள் ஒருத்தி முந்தானைக்குள் வைத்து ஒரு வடையை மெல்லத் தின்றுகொண்டிருந்தாள். அந்தம்மா திரும்பாமலே கையை நீட்டினார். "நான் இல்லக்கா" என்றாள் அவள், வாய் நிறைய. "நீ இல்லன்னு தெரியும். வடை தான் சொல்லிச்சி. குடு" என்றார். வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு நாராயணவனத்தில் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கடித்த வடை, கடித்தபடியே.

எதற்காவது காரணம் கேட்டால், "யோசிக்கறதுக்கு ஞாயித்துக்கெழம கீது. இன்னைக்கு சொன்னத செய்" என்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையாகவே யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைக் கேட்கிற தைரியம் திங்கட்கிழமை இருக்காது.

எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். ஒரு மழைநாளில் ரோடு சரியில்லை, ஏரிக்கரை வழியாகப் போ என்று உத்தரவு. போனேன். கரையில் பின்சக்கரம் ரெண்டும் புதைந்தன. எல்லோரும் இறங்கிச் சேற்றில் நின்று தள்ளினார்கள். அந்தம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார். தள்ளிக்கொண்டே, நீ இந்தப் பக்கம் வா, அவள் அந்தப் பக்கம் போகட்டும், டயருக்கு அடியில் கல்லைப் போடு என்று தள்ளுகிறவர்களையும் தள்ளினார். வண்டி வெளியே வந்ததும் கைகளை உதறிவிட்டுச் சொன்னார்: "வழி சரி தான். மழ தான் தப்பு." சேறு பூசின அத்தனை பெண்களும் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மழையை முறைத்துக்கொண்டிருந்தார்.

மாம்பழக் காலத்தில் எங்கள் பக்கம் சாயங்காலம் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். மாங்கூழ் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டின் ரெண்டு பக்கமும் வரிசையில் நிற்கும். ஒரு நாள் அந்த வரிசைக்குள் ஒரு லாரி மூக்கை நுழைத்து, போவோர் வருவோர் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டது. நான் ஆரன் அடித்தேன், மற்றவர்களும் அடித்தார்கள், எதுவும் அசையவில்லை. அந்தம்மா காப்பைத் தட்டிக் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கிப் போனார். எந்த டிராக்டரும் அவரை யார் என்று கேட்கவில்லை. பின்னால் போ என்றார், போனது. ஓரம் கட்டு என்றார், கட்டியது. லாரிக்காரன் மட்டும் என் ஜன்னலுக்கு வந்து, இந்தம்மா எந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. என்று தெலுங்கில் பணிவாகக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கடைசி சீட்டிலிருந்து ரேவதி தலையை நீட்டி, "எஸ்.ஐ. காது அன்னா, நியந்தா" என்றாள். எஸ்.ஐ. இல்லை அண்ணா, சர்வாதிகாரி. அவனும் புரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய் லாரியைப் பின்னால் எடுத்தான். அந்தம்மா திரும்பி வரும்போது யாரோ கொடுத்த கிளிமூக்கு மாங்காய்கள் மடி நிறைய இருந்தன. சீட்டுக்கு ஒன்று கொடுத்தார். ரேவதியிடம் வந்தபோது, "ஒனக்கு ரெண்டு. வாய் பெருசு" என்றார். அவள் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

இந்த ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெதுருகுப்பத்துத் தெலுங்குப் பெண், கல்யாணம் ஆகாதவள். பின்சீட்டுப் பட்டப்பெயர்களில் பாதி அவள் செய்து விட்டவை. தமிழ் பேசுவாள், தமிழுக்குத் தெலுங்குச் சட்டை போட்டுப் பேசுவாள். வேலைக்குப் போக அவள் அப்பாவிடம் சம்மதம் வாங்கவே ஒரு வருஷம் ஆனதாம். பொழுது இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

கம்பெனிக்குள் அந்தம்மா யார் என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ஒயர்களைக் கோக்கிறவர்களில் ஒருவர். அங்கே ஒரு வார்த்தை பேச மாட்டாராம். மணி அடித்தால் உட்கார வேண்டும், மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். "உள்ள அவங்கோ மணி. வெளிய நம்ம மணி" என்று சொல்லி, காப்பை ஒரு தரம் கம்பியில் தட்டினார். நான் வண்டியை நிறுத்திவிட்டேன். "நிறுத்தறதுக்கு இல்ல, சும்மா" என்றார். சும்மா தட்டியும் நிற்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

இன்னொரு தடவை, கேட்காமலே ஒன்று சொன்னார். அவர் ஏறுகிற அந்த மாந்தோப்பில்தான் அவருடைய நைனா, அதாவது அப்பா, கூலி வேலை செய்தாராம். "தோட்டத்துக்காரரு வந்தா தோள்ல கெடக்கற துண்டு இடுப்புக்கு போயிடும். நைனா வாயில இருந்தது ரெண்டே வார்த்த தம்பி. 'ஆண்டே'ன்னுவாரு. 'சரிங்க'ன்னுவாரு. அந்த ரெண்டயும் நான் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குக் கடைசி சீட்டில் யாரோ பாட்டை வைத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடி முடிந்து கோமதி என்று ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கார்வேட்டிநகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு சுத்தமாக வராது. முதல் நாள் நாராயணவனத்துக்கு முன்னாலேயே அவளுக்கு வயிறு புரட்டிவிட்டது. அந்தம்மா ஒரு தட்டுத் தட்டி வண்டியை நிறுத்தி, அவளை இறக்கி, நெற்றியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் அதிகாரம்தான். "எடு. வெக்கப்பட்டுக்கினு முழுங்காத. ம், இன்னும் கீது, எடு." வாந்தியைக்கூட ஏவி எடுக்க வைத்தவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் யாருக்கும் விட்டுக்கொடுக்காத தன் ஒற்றை சீட்டில் அவளை உட்கார வைத்தார். அவள் தயங்கினாள். "ஒக்காருன்னா ஒக்காரு" என்றார். வயிறு பழகும் வரை அந்தம்மா நின்றுகொண்டே வந்தார். நின்றுகொண்டே ஆண்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போன ஆட்சியில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு கோணல் நடந்தது. கம்பெனி வாசலில் வண்டி கிளம்பும் நேரம். ரேவதி வரவில்லை. உள்ளே அவளுடைய லைனில் ஏதோ பாக்கி வேலை என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். அது வண்டியில் இருந்த யாருக்கும் தெரியாது. ரெண்டு தட்டு விழுந்தது. நான் எடுத்தேன். கேட்டைத் தாண்டித் திரும்பும்போது கண்ணாடியில் அவள் தெரிந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "டைமுன்னா டைமு. போ" என்றார்.

ரேவதி யாரோ ஒருத்தர் ஸ்கூட்டியில் சத்தியவேடு வந்து, பஸ் மாறி மாறி வீடு சேரும்போது இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. அவள் அப்பா வாசலில் நின்றிருக்கிறார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஏறினவள் யாரிடமும் பேசவில்லை. அந்தம்மா ஏறினபோது சர்க்காரு என்று யாரும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பெயர் வைக்கிற வரைக்கும் பாசம் இருக்கிறது. பெயர் வைப்பதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும்.

பின்சீட்டுக்காரிகள் சேர்ந்து காண்ட்ராக்டருக்குப் போன் செய்துவிட்டார்கள். ரெண்டு நாள் கழித்து, காலையில் டீசல் போட வண்டி புத்தூரில் நின்றபோது அவருடைய மேனேஜர் வந்து ஏறினார். திருப்பதிக்காரர், தெலுங்கு தவிர வேறு வராது. வந்ததும் சொல்லிவிட்டார்: புகார் உண்மை என்றால் அந்தம்மா இந்த வண்டியில் வரக் கூடாது, திருப்பதியிலிருந்து நாயுடுபேட்டை வழியாக வருகிற வண்டியில் வரட்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அந்த மாந்தோப்பு ரோட்டில் அந்த நேரத்துக்குத் திருப்பதிக்கு ஏது பஸ்? வண்டி மாற்றம் என்று பெயர், வேலை போச்சு என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். ரேவதிக்கும் தெரியும்.

அந்தம்மா தன் சீட்டில் நேராக உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்புப் போட்ட கை மடியில் கிடந்தது. கையை அவர் அவ்வளவு நேரம் சும்மா வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

மேனேஜர் பின்சீட்டைக் கேட்டார். கொட்டித் தீர்த்தார்கள். தொரசானி, நியந்தா, அஜமாயிஷி எல்லாம் வந்து விழுந்தன. முன்சீட்டைக் கேட்டார். இந்தம்மா இல்லையென்றால் வண்டி ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேராது என்றார்கள். ரெண்டு கட்சியும் ஒரே நேரத்தில் பேச, மேனேஜர் கையைத் தூக்கி அடக்கிவிட்டு, ரெண்டு கட்சியிலும் சேராமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கோமதியைக் காட்டினார். புதுப் பெண், பொய் சொல்ல மாட்டாள் என்று கணக்கு.

"நுவ்வு செப்பம்மா. ஆமெகி பெத்தனம் ஜாஸ்தியா?"

நீ சொல்லம்மா, அவளுக்குப் பெத்தனம் ஜாஸ்தியா என்று கேள்வி. கோமதிக்கு அதில் புரிந்த வார்த்தை ரெண்டுதான். பெத்தனம். ஜாஸ்தி. எழுந்து நின்று, "ஆமா சார். ரொம்ப ஜாஸ்தி" என்றாள்.

முன்சீட்டில் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்சீட்டில் ஜெயித்துவிட்ட பெருமூச்சு. மேனேஜர் முடிந்தது என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். கோமதி உட்காரவில்லை.

"எங்கம்மாவுக்கு கூட இவ்ளோ இல்ல சார்."

என்ன சொல்கிறாள் என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். அவள் அம்மாவுக்குக்கூட இவ்வளவு பெத்தனம் கிடையாதாம் என்று தெலுங்கில் சொன்னேன். பாவம் என்று அவர் தலையை ஆட்டினார். கோமதி விடவில்லை. "நான் வாந்தி எடுத்தப்ப தலைய புட்ச்சிக்கினு நின்னாங்கோ. அவங்க சீட்ட எனக்கு குட்த்துட்டு நின்னுக்கினே வந்தாங்கோ. பெத்தவ கூட செய்ய மாட்டா சார். அவ்ளோ பெத்தனம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வந்த நாளிலிருந்து இந்தப் பெண் பின்சீட்டில் பெத்தனம், பெத்தனம் என்று கேட்டிருக்கிறாள். பெற்றவளுடைய குணத்துக்குப் பெத்தனம் என்று பெயர் போலிருக்கிறது, எல்லோரும் அந்தம்மாவைப் புகழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்!

ஸ்டீயரிங்கை விட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து மேனேஜருக்கு விளக்கினேன். "சார், தமிழ்லோ பெத்த அண்டே கன்ன. கன்ன தல்லி." பெற்ற தாய். அவர் என் பக்கம் குனிந்தார். இவள் திட்டுகிறாளா, கும்பிடுகிறாளா என்று கேட்டார். முதலில் அவர் வயிறுதான் குலுங்கியது. பிறகு முன்சீட்டு, நடுசீட்டு. ரேவதி உதட்டை இறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டாள். பை குலுங்கியது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றிருந்த கோமதியும் சேர்ந்து சிரித்தாள். டீசல் போட வந்தவன் குழாயைக் கையில் பிடித்தபடி ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேவதியைக் கேட்டார்: நீ சொல், இந்தம்மா செய்வது எந்தப் பெத்தனம், உங்களுடையதா, அவளுடையதா? ரேவதி பையிலிருந்து முகத்தை எடுத்தாள். ரெண்டும் ஒன்றுதான் சார், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள். சிரித்து முடித்திருந்த வண்டி மறுபடி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தம்மா பக்கம் திரும்பி, அவருடைய தமிழிலேயே சொன்னாள்.

"நா ஒடியாந்துனு இருந்தேன் அக்கா. நீ பாத்த."

அந்தம்மா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பாத்தேன்" என்றார்.

வேறு யாராவது என்றால் அதற்குப் பிறகு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். நானும் எதிர்பார்த்தேன். வந்தது கம்பியில் ஒரு தட்டு. நின்றிருந்த வண்டிக்கு எதற்கு நிறுத்துகிற தட்டு?

"இன்னைலருந்து எவ ஒடியாந்தாலும் சரி, கண்ணுல பட்டா வண்டி நிக்கணும். இது ஆர்டரு. நானே போன்னு சொன்னாலும் தம்பி, நீ போவக்கூடாது. எவ வேணா தட்டலாம்."

தன் மேலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார். அதையும் உத்தரவாகத்தான் போட்டார். ரேவதி உட்கார்ந்தாள். மேனேஜர், இது உங்கள் வண்டி, உங்கள் ராஜ்யம், இன்னொரு புகார் வந்தால் மட்டும் திருப்பதி வண்டிதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வண்டி புத்தூரைத் தாண்டியதும் அந்தம்மா கோமதியைக் கூப்பிட்டு, பெத்தனம் என்றால் என்ன என்று நினைத்தாய் என்று விசாரித்தார். அவள் வெட்கத்தோடு சொன்னாள். அந்தம்மா கேட்டுக்கொண்டார்.

"மூணு பெத்தேன். ஒண்ணு கூட நான் சொல்றத கேக்கல. பெக்காதது இத்தினி கேக்குதுங்கோ" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு நாராயணவனத்துக்கு முன்னாலேயே டிபன் டப்பாக்களைத் திறக்கலாம் என்று உத்தரவாயிற்று. காரணத்தை ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொள்ளலாம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அவர் ஏறும்போது கடைசி சீட்டில் ரேவதி, "வச்சிந்திரா பெத்தம்மா", வந்துவிட்டாள் பெத்தம்மா என்றாள். தெலுங்கில் பெத்தம்மா என்றால் பெரியம்மா. கோமதியும் பெத்தம்மா என்றாள், அவள் காதுக்கு அது பெற்ற அம்மா. ரெண்டு பக்கமும் தங்கள் தங்கள் மொழியில் கேட்டுக்கொண்டார்கள். பழைய பெயர்கள் எல்லாம் அதோடு உதிர்ந்துபோயின. ஆட்சி மட்டும் அப்படியே இருந்தது. வாயாடிகளுக்குக் கடைசி சீட்டு, பாட்டு காதில், வடை பையில்.

கார்த்திகை மாதத்து ஒரு காலை. விடாத தூறல். மாந்தோப்புப் பாதை ரோட்டைச் சேரும் இடத்தில் அந்தம்மா இல்லை. எனக்கு அந்த இடம் இடம் மாறிவிட்ட மாதிரி இருந்தது. நிறுத்தி, வைப்பர் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். காத்திருக்கிற நேரம் தாண்டியது. டைமுன்னா டைமு. அவரே கற்றுக்கொடுத்தது. மெல்ல வண்டியை எடுத்தேன். ஒற்றை சீட்டு காலியாக ஆடிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். பின்னால் டங்கென்று ஒரு சத்தம். ரேவதியிடம் காப்பு கிடையாது. டிபன் டப்பாவால் ஜன்னல் கம்பியில் அடித்திருந்தாள்.

கண்ணாடியில் பார்த்தேன். மழைக்குள் அந்தம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். தலை வாரவில்லை. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஒரு முழக் கயிறு. அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டியைப் பின்னாலேயே கொண்டுபோய் அவர் பக்கத்தில் நிறுத்தினேன். ஏறினார். மூச்சு வாங்கியது. கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டதாம், அதுவும் பேச்சைக் கேட்கவில்லையாம். அதைச் சொல்லி முடிக்கவில்லை, கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

"டைமு இன்னாவுது? எவ சொல்லி நிறுத்தன?"

கடைசி சீட்டிலிருந்து ரேவதி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"ஆர்டரு பெத்தம்மா."

அந்தம்மா அவளைப் பார்த்தார். வண்டி முழுக்க அவரைப் பார்த்தது. நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க மழை மட்டும்தான் இருந்ததா என்று நான் கண்ணாடியில் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க" என்றார். ரேவதியைப் பார்த்து இல்லை, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. அவர் வாயில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

உடனே காப்பு கம்பியில் ரெண்டு தட்டுத் தட்டியது. "இன்னா பாத்துக்கினு கீற? கதவ சாத்திட்டு எடு."